தலைவலி இருக்கும்போது ரீமேட்சுக்குத் தேதி கொடுக்காதீர்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. ஊர் கடலூர் முதுநகர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பதினைந்து வயதிலிருந்து பாக்ஸிங் செய்கிறேன். 60 கிலோ பிரிவில் மாநில அளவில் தொடர்ந்து மூன்று ஆண்டு தங்கம் வாங்கினேன். போன வருடம் ஃபைனலில் 21 வயதுப் பையன் ஒருவனிடம் 3–2 என்று தோற்றேன், ஐந்து நடுவரில் மூன்று பேர் அவன் பக்கம். அந்தத் தீர்ப்பை இன்னும் ஏற்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் ஓப்பன் போட்டியில் மறுபடியும் அதே பையன். இரண்டாவது ரவுண்டில் இரண்டு முறை எட்டு கவுண்ட் (பலமான அடி விழுந்தால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணுவது) வாங்கினேன். ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கீழே விழவில்லை, மயக்கமும் இல்லை. பத்தாம் நாள் ஸ்பாரிங் (பயிற்சி ஆட்டம்) போனேன். ஆனால் பழைய ஃபார்ம் இல்லை. பஞ்ச் வருவது தெரிகிறது, தலைதான் நகர மாட்டேன் என்கிறது. காலையில் தலைவலி இருக்கும், மாத்திரை போட்டால் போய்விடும். சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்கிறாள் மனைவி. இப்போது புதுச்சேரியில் ஒருவர் எங்கள் இருவரையும் வைத்து ஒரு ஷோ நடத்தக் கேட்கிறார். எட்டு வாரத்தில் நடக்கும், பணமும் உண்டு. "இப்ப விட்டா பயந்துட்டான்னு பேசுவாங்க" என்கிறார் மாஸ்டர். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். மகளுக்கு நான்கு வயது. ரீமேட்ச் (அதே ஆளோடு மறு ஆட்டம்) கேட்கட்டுமா, கிளவுஸைக் கழற்றிவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

விளையாட்டு மருத்துவரின் பதில்:

தம்பி, முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி ஷோவுக்கு வர முடியாது என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஸ்பாரிங்கையும் இன்றோடு நிறுத்துங்கள். கிளவுஸைக் கழற்றுவதா என்ற கேள்வி இப்போதைக்கு இருக்கட்டும். அதை முடிவு செய்யத் தேவையான விவரம் இன்று உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அந்த விவரத்தை எப்படித் திரட்டுவது, திரட்டிய பிறகு எப்படி யோசிப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் அந்த 3–2 தீர்ப்பைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எந்த ரவுண்டு யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். தலைவலிக்கு ஒரே வரி. மூன்று ஆண்டு தங்கம் வாங்கியவருக்கு அந்தத் தோல்வி எப்படி உறுத்தும் என்று புரிகிறது. இருந்தாலும் ஒரு டாக்டராக எனக்கு அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது.

மயக்கம் இல்லை, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். நிறைய வீரர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கன்கஷன் என்கிற மூளை அதிர்வு வருவதற்கு மயக்கம் போட்டு விழ வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்பாமலேயே அது நடக்கிறது. தாடையில் பக்கவாட்டில் விழும் ஹூக் என்கிற வளைகுத்து தலையைச் சட்டென்று திருப்பிவிடும். உள்ளே இருக்கும் மூளை அதே வேகத்தில் திரும்ப முடியாமல் பின்தங்கி, முறுக்கிக்கொள்ளும். நரம்பு இழைகள் இழுபடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஸ்பாரிங்கில் ஹெட்கார்டு போட்டிருந்தேனே என்பீர்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது.

பெரியவர்களுக்கு இந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிறது. இதற்கு நடுவில் பத்தாம் நாளே ஸ்பாரிங் வேறு போயிருக்கிறீர்கள். தலையில் வாங்கிய அடிக்காக ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினால் குறைந்தது 30 நாள் போட்டியும் கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது என்பது அமெச்சூர் பாக்ஸிங்கின் மருத்துவ விதி. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை அப்படி நடந்தால் 90 நாள். ஓராண்டில் மூன்று முறை என்றால் ஒரு வருடம். இந்த விதி உங்கள் மாஸ்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் அதிர்வு ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம். அப்படி ஆவது அபூர்வம். ஆனால் ஆகிவிட்டால் காப்பாற்ற மிகக் குறைந்த நேரமே கிடைக்கும்.

அதனால் முதல் வேலை, கோரிமேட்டில் ஜிப்மர் நரம்பியல் பிரிவு. கடலூரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. நைட் ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள், ஒரு நாள் லீவு போட்டு, தூங்கி எழுந்து, காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். இரண்டு மாதம் ஆன தலைவலி என்பதால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மண்டைக்குள் மெல்ல மெல்லக் கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் கழித்துத் தலைவலியாகத் தெரிவதும் உண்டு. அது இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்று. ஸ்கேன் நார்மல் என்று வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே ஜிம்முக்கு ஓடிவிடாதீர்கள். மூளை அதிர்வில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். கசிவு, வீக்கம், எலும்பு முறிவு இவை இல்லை என்றுதான் ஸ்கேன் சொல்லும். மூளை பழையபடி வேலை செய்கிறதா என்பது உங்கள் ஞாபகம், நிதானம், கண் அசைவு, தூக்கம் இவற்றைப் பரிசோதித்தால்தான் தெரியும். டாக்டரிடம் "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், சொன்னதையே திரும்பச் சொல்வதையும், பஞ்ச் தெரிந்தும் தலை நகராததையும் சொல்லுங்கள். மனைவியைக் கூட அழைத்துப் போங்கள். உங்களுக்கு மறந்துபோனது உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் என்று நீங்கள் எழுதாத விஷயங்களும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் அந்த மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதிலும் எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சில வகை வலி மாத்திரைகளைப் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்புறம், வலி நாளுக்கு நாள் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ ஓபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

இனி, ஃபார்ம் விஷயத்துக்கு வருகிறேன்.

"பஞ்ச் வருவது தெரிகிறது, தலைதான் நகர மாட்டேன் என்கிறது." இந்த வரியைப் பலமுறை படித்தேன். வயதாகிவிட்டது என்று நீங்கள் இதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. 29 வயதில் கண்ணும் கையும் அவ்வளவு மந்தமாகிவிடாது. மேரி கோம் மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 2018இல் டெல்லியில் தன் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். லெனாக்ஸ் லூயிஸ் இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்டபோது அவருக்கு வயது 36. ஆகவே வயதின் மேல் பழியைப் போடும் முன் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்று சந்தேகம் இருக்கிறது. ஒன்று, ஆறாத மூளை அதிர்வு. அதைச் சொல்லியாகிவிட்டது. அடுத்தது தூக்கம். ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு, அதிலும் நைட் முடித்துவிட்டு மாலையில் பேக் அடிக்கப் போகிறவருக்கு, எதிர்வினை வேகம் குறைவது இயல்பு. ஒரு நாள் தூங்காமல் இருந்தாலே அது தெரியும், வாரக்கணக்கில் அரைத்தூக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது எடை. சாதாரண நாளில் 68 கிலோ இருக்கிறீர்கள், போட்டிக்கு 60க்கு இறங்குகிறீர்கள், கடைசி ஐந்து கிலோவை ஒரே வாரத்தில் இறக்குகிறீர்கள் என்று முழுக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சில்வர் பீச்சில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மணலில், அந்த வெயிலில், அந்தக் கோட்டோடு! கடைசி வாரத்தில் இறங்குவது கொழுப்பு இல்லை தம்பி, பெரும்பாலும் தண்ணீர். ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கால் கனக்கிறது. எடை பார்த்துவிட்டுச் சில மணி நேரம் குடிக்கும் எலக்ட்ரால் அதை முழுசாக ஈடுகட்டாது. அமெச்சூரில் போட்டி நாள்தோறும் எடை பார்ப்பதால் ஃபைனலுக்குள் உடம்பு பல நாள் காய்ந்திருக்கும். 21 வயதில் இதைத் தாங்கிய உடம்பு 29இல் அதே மாதிரி தாங்காது. வயது என்று நீங்கள் சொல்வதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க பாக்ஸர் ராய் ஜோன்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003 மார்ச்சில் 193 பவுண்டில் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அதே நவம்பரில் 175க்கு இறங்கி அன்டோனியோ டார்வருடன் மோதினார். இறக்கிய எடை எட்டு கிலோவுக்கு மேல், ஏறத்தாழ உங்கள் கணக்குத்தான். அந்த ஆட்டத்தில் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார். 2004 மே மாதம் ரீமேட்ச். இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். நின்று யோசித்திருக்க வேண்டிய நேரம் அது. நான்கே மாதத்தில் க்ளென் ஜான்சனோடு ரிங்குக்குள் போனார். ஒன்பதாவது ரவுண்டில் மறுபடி நாக்-அவுட். அதற்கு அடுத்த ஆண்டு டார்வரோடு மூன்றாவது முறை, அதிலும் தோல்வி. யாரும் தொட முடியாதவர் என்று பேர் வாங்கிய ஒருவர், ஏன் அடி விழுகிறது என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்காமல் அடுத்த தேதி, அடுத்த தேதி என்று போனார். எடையை இறக்கியதுதான் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு அப்போது 35 வயது. ஆனால் அந்த நான்கு மாத இடைவெளியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது சொல்லப்படும் எட்டு வாரம் அதில் பாதிதான்.

எதிரில் இன்னொரு கதையும் உண்டு. 1936இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸை ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஷ்மெலிங் படச்சுருளைப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: ஜேப் (முன்கையால் நேராக விடும் குத்து) அடித்த பிறகு லூயிஸின் இடது கை தாழ்ந்து திரும்புகிறது. அந்த இடைவெளியில் வலது கையை விட்டுக்கொண்டே இருந்தார். லூயிஸ் உடனே ரீமேட்சுக்குப் போகவில்லை. கையைத் திருத்தினார், வேறு பலரோடு மோதினார், 1937இல் உலகப் பட்டமும் வென்றார். 1938 ஜூன் 22ஆம் தேதி யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங்கை இரண்டு நிமிடம் நான்கு வினாடியில் முடித்தார். தோற்ற காரணம் கையில் இருந்தது, கையைத் திருத்த முடிந்தது. திருத்த இரண்டு ஆண்டும் கிடைத்தது.

நம் காலத்தில் பிரிட்டனின் ஹெவிவெயிட் பாக்ஸர் ஆண்டனி ஜோஷுவா. 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸிடம் ஏழாவது ரவுண்டில் தோற்றபோது அவருக்கும் உங்கள் வயதுதான், 29. டிசம்பரில் சவுதியில் ரீமேட்ச். உடம்பை இளைத்துக்கொண்டு வந்து, அடித்து வீழ்த்தும் ஆசையை விட்டுவிட்டு, பன்னிரண்டு ரவுண்டும் தள்ளி நின்று ஜேப் அடித்தே ஜெயித்தார். பார்க்கக் கவர்ச்சியாக இல்லை என்று அன்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது பெரிய ஆட்டமாகத்தான் பட்டது. தன்னை வீழ்த்திய ஆளிடம் திரும்பப் போய், பழி தீர்க்கும் வெறியை அடக்கிக்கொண்டு பன்னிரண்டு ரவுண்டு பொறுமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ரிங்கில் நின்ற உங்களுக்கே தெரியும்.

ஆக, ரீமேட்ச் கேட்கலாமா என்பதற்குத் தோற்ற காரணம்தான் பதில் சொல்லும். அந்தப் பையனோடு ஆடிய இரண்டு ஆட்டத்தின் வீடியோவும் மொபைலில் இருக்கிறது என்கிறீர்கள். தலைவலி முழுசாகப் போன பிறகு, ஒரு நோட்டோடு உட்காருங்கள். நீங்கள் அடித்ததை எண்ண வேண்டாம், அதை ஏற்கனவே மனசுக்குள் ஆயிரம் முறை எண்ணியிருப்பீர்கள். உங்கள் மேல் விழுந்த அடியை மட்டும் எண்ணுங்கள். எந்தக் கை, எந்த நிமிடம், அதற்கு ஒரு நொடி முன் நீங்கள் என்ன செய்தீர்கள். எல்லா அடியும் ஒரே மாதிரி, உதாரணமாக உங்கள் ஜேப்புக்குப் பிறகு வரும் அவன் வலது கையாக இருந்தால், அது பழக்கக் கோளாறு. மாஸ்டர் திருத்துவார். முதல் ரவுண்டில் தப்பித்த அடியெல்லாம் மூன்றாவது ரவுண்டில் விழுந்தால், எடையும் தூக்கமும் ஸ்டாமினாவும் காரணமாக இருக்கலாம். முதல் நிமிடத்திலிருந்தே, நன்றாகத் தூங்கி நன்றாகச் சாப்பிட்ட நாளிலும், விதவிதமான அடி விழுந்துகொண்டே இருந்தால்தான் எனக்குக் கவலை. அப்போது ரீமேட்ச் பேச்சையே எடுக்கக் கூடாது.

முகமது அலி நல்ல ரீமேட்சையும் பார்த்தார், ஏறியிருக்கக் கூடாத ஆட்டத்தையும் பார்த்தார். 1978 பிப்ரவரியில், அதுவரை ஏழே ஏழு தொழில்முறை ஆட்டம் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்தார். ஒழுங்காகத் தயாராகாமல் போனதுதான் அன்று பெரிய கோளாறு. செப்டம்பரில் தயாராகி வந்து பதினைந்து ரவுண்டு ஆடிப் பட்டத்தை மீட்டார். நல்ல ரீமேட்ச் அது. அடுத்த ஆண்டு ஓய்வும் அறிவித்தார். 1980இல் சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது உங்கள் ஜிம்மில் இருந்தால் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸுக்கு எதிரே போய் நின்றார். எடை குறைய தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் இளைத்து, பழைய அலி மாதிரியே தெரிந்தது. கைதான் எழவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

இதில் ஒரு டாக்டராக என்னை மிகவும் வருத்துவது வேறு ஒன்று. அந்த ஆட்டத்துக்கு முன் மாயோ கிளினிக்கில் அலியைப் பரிசோதித்திருந்தார்கள். ஒற்றைக் காலில் குதிக்கும்போது எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை, விரலால் மூக்கைத் தொடும்போது சற்றுக் குறி தவறுகிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. எழுதியிருந்தும் ஆட அனுமதி கிடைத்தது. பல ஆண்டு அவர் கூடவே இருந்த டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, 1977இல் எர்னி ஷேவர்ஸோடு அலி ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, சிறுநீரகப் பரிசோதனை முடிவை அலியைச் சுற்றியிருந்தவர்களுக்கு அனுப்பி, நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் விலகிக்கொண்டார். 1984இல் அலிக்கு பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் என்று சொல்லப்பட்டது. அடிகள் மட்டுமே அதற்குக் காரணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஆனால் பரிசோதனைத் தாள் என்பது அனுமதி வாங்குவதற்கான தாள் என்று ஆகிவிட்டால் எதற்கும் பயனில்லை என்பதை அந்த 1980 காட்டுகிறது. தலையில் தொடர்ந்து அடி வாங்கும் பாக்ஸர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். நமக்குத் தெரியாத விஷயம் இல்லை இது.

இப்போது அந்தப் புதுச்சேரி ஷோ. நடத்துபவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவர் நல்லவராகவே இருக்கட்டும். ரிங் பக்கத்தில் டாக்டர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா, ரெஃப்ரி யார், போட்டிக்கு எந்தச் சங்கத்தின் அனுமதி, காயம் பட்டால் செலவு யாருடையது என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் பணத்தைத் தவிர வேறு விவரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத ஆட்டத்தில் இறங்கினால் உங்கள் சங்கத்தில் சிக்கல் வருமா என்றும் விசாரிக்க வேண்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மதிப்பு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழுக்குத்தான், இப்படிப்பட்ட ஷோவுக்கு இல்லை. நீங்கள் வாங்கிய மூன்று தங்கத்துக்கான சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? நகல் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? ஷோவில் கிடைக்கும் பணத்தைவிட அந்த மூன்று தாள் உங்கள் குடும்பத்துக்குப் பெரிது. வயது வரம்பு தாண்டும் முன் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மஞ்சக்குப்பத்தில் அண்ணா ஸ்டேடியத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். ஜிப்மருக்குப் போகும் அதே வாரத்தில் இதையும் செய்யலாம்.

மாஸ்டர் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயந்துட்டான்னு பேசுவார்கள்தான். இரண்டு வாரம் பேசுவார்கள். லெனாக்ஸ் லூயிஸையும் பேசினார்கள். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹாசிம் ரஹ்மானிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். உயரமான ஊர், தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், தயாரிப்பும் சரியில்லை. திருத்தக்கூடிய காரணங்கள். அதே நவம்பரில் ரீமேட்சில் நான்காவது ரவுண்டில் ரஹ்மானைச் சாய்த்தார். 2003இல் விட்டாலி கிளிட்ச்கோ ஆட்டம். கிளிட்ச்கோவின் முகத்தில் வெட்டு என்று ஆறு ரவுண்டில் நிறுத்தி லூயிஸுக்கு வெற்றி கொடுத்தார்கள், ஆனால் அதுவரை மூன்று நடுவரிடமும் லூயிஸ் பின்தங்கியிருந்தார். ரீமேட்ச் ஆடு என்று உலகமே கேட்டது. 2004 பிப்ரவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே ஆள், ஒரு ரீமேட்சை ஏற்றார், இன்னொன்றை மறுத்தார். இரண்டுமே சரியான முடிவு என்பது என் எண்ணம். இரண்டு முறையும் தன் உடம்பைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. பதினைந்து வயதிலிருந்து உங்களை வளர்த்தவர். உங்கள் தோல்வி அவருக்கும் தோல்விதான், அந்த வலியில் பேசுகிறார். நீங்கள் தலைவலியை அவரிடம் முழுசாகச் சொன்னீர்களா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. பெரும்பாலான வீரர்கள் மாஸ்டரிடம் சொல்வதில்லை. தினமும் காலையில் மாத்திரை போடுகிறேன் மாஸ்டர் என்று ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் ரிங்கில் ஏறு என்று சொன்னால், அது வேறு விஷயம். அப்போது ரிங் ஓரத்தில் உங்கள் கார்னரில் நிற்க வேறு ஆள் வேண்டும்.

சரி, எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவலி மாத்திரை இல்லாமலேயே போய்விட்டது, ஞாபகம் தெளிவு, நரம்பியல் மருத்துவர் சரி என்கிறார். அப்போதும் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். முதலில் நடை, மெல்லோட்டம். பிறகு ஸ்கிப்பிங், ஷேடோ (எதிரில் ஆளில்லாமல் குத்துவது). பிறகு பேக், பேட். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு நாள் இருந்து, தலைவலி எட்டிப் பார்த்தால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் இழுத்துவிட்டதால் நாள் கணக்கை வாரக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடி படும் ஸ்பாரிங் கடைசிப் படி, அதற்கு டாக்டரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். இதெல்லாம் எட்டு வாரத்துக்குள் நடந்து, போட்டிக்கும் தயாராகிவிடுவது சாத்தியமில்லை. அதனால்தான் முதல் வரியிலேயே ஷோ வேண்டாம் என்று எழுதினேன்.

எடைப் பிரிவையும் மாற்றுங்கள். 68 கிலோ ஆள் 60இல் நிற்க வேண்டிய அவசியம் என்ன? அடுத்த பிரிவுக்குப் போனால் அந்தப் பையன் உங்கள் எதிரில் வர மாட்டான் என்பதுதானே தயக்கம்? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அப்படியென்றால் நீங்கள் பாக்ஸிங்கைத் தேடுகிறீர்களா, அந்த ஒரே பையனைத் தேடுகிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மேலே போய் அங்கே இரண்டு நல்ல ஆட்டம் ஆடிப் பாருங்கள். தலை நகர்கிறதா, மூன்றாவது ரவுண்டில் கால் இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். நகர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாராளமாக ஆடலாம். அவனும் வளர்கிற பையன், எடை கூடி மேலே வருவான். அமெச்சூரில் ரீமேட்சை யாரும் எழுதிக் கொடுத்துக் கேட்பதில்லை, யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுப் போடும் டிரா கொண்டுவந்து எதிரே நிறுத்தும்.

தோற்றால் என்ன ஆகும் என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. 2019இல் நிகத் ஸரீன், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யார் போவது என்று மேரி கோமுடன் ட்ரையல் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்கினார். டிசம்பரில் நடந்த ட்ரையலில் 9–1 என்று தோற்றார். நாடே பேசிய தோல்வி. 2022இல் இஸ்தான்புல்லில் உலகச் சாம்பியன், 2023இல் டெல்லியில் மறுபடியும். புள்ளிக் கணக்கில் தோற்பதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, உடம்பு முழுசாக இருந்தால் அடுத்த ஆண்டு திரும்ப வரலாம். அதனால் உங்களுடைய 3–2 என்னைக் கவலைப்படுத்தவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் வாங்கிய அந்த இரண்டு எட்டு கவுண்ட்தான் கவலைப்படுத்துகிறது.

ஒருவேளை பரிசோதனையில் வேறு மாதிரி வந்தால், இனி தலையில் அடி கூடாது என்று டாக்டர் சொன்னால், அன்றைக்கே நிறுத்த வேண்டும். கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் என்ற பேச்சே கூடாது. அப்படி ஆனால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பயிற்சியாளர் படிப்பு, நடுவர் தேர்வு என்று அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் தனியாகப் பேசலாம். இப்போதே அதை எழுதி உங்களைக் கலங்கடிக்க எனக்கு மனமில்லை.

ஷோ நடத்துபவரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "தலையில் அடிபட்டு சிகிச்சையில் இருக்கிறேன், டாக்டர் அனுமதி இல்லை, தேதி தர முடியாது" என்று போனில் சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். அப்போதுதான் உங்கள் பேரைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்க மாட்டார்கள். முன்பணம் ஏதாவது வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிப்மருக்குப் போகும்போது அந்த இரண்டாவது ஆட்டத்தின் வீடியோ, போடும் மாத்திரை அட்டை, மனைவி கவனித்ததை அவர் கையாலேயே எழுதிய ஒரு தாள், இந்த மூன்றும் பையில் இருக்கட்டும்.